இருக்கிற புத்தகம் ஏன் கண்ணில் படுவதில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் நான் சனிக்கிழமை தோறும் தொண்டு செய்யப் போகிற நூலகத்துக்கு ஓர் ஆயா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். டர்பன் பக்கம் பாட்டியை ஆயா என்போம். வேறு யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விடுதலைக்காகப் போராடிய ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் மண்டேலாவை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "நம்ம வள்ளியம்மய எழுதுடா" என்று ஆயா இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பையன் கணினி முன் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் 'வள்ளியம்மை' என்று அடித்தான். ஒன்றும் இல்லை என்று திரை சொன்னது. ஆயா திரையையும் பேரனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லன்னு சொல்லுதா அது? செரி வா, போவோம்."

அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி பின்னால், 968 என்று எண் ஒட்டிய அலமாரியில், தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தைப் பற்றிக் காந்தி எழுதிய புத்தகம் இருந்தது. 1898-ல் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்து, 1913 போராட்டத்தில் சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்துபோன அந்த வள்ளியம்மையைப் பற்றி, சிறை சென்ற பெண்களைச் சொல்லும் அத்தியாயத்தில் காந்தி உருக்கமாக எழுதியிருக்கிறார். புத்தகம் இருந்தது. தேடிய ஆளும் இருந்தான். நடுவில் ஒரு தேடுபெட்டியும் இருந்தது. ஆனாலும் மூன்றும் சேரவில்லை.

இந்த மூன்றையும் சேர்த்துவைக்கிற வேலைக்கு நூலகக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டிஸ்கவரி'. தமிழில் கண்டடைதல் என்று வைத்துக்கொள்வோம். பெயர் தெரிந்த புத்தகம் எங்கே என்று பார்ப்பது தேடல். நமக்கு வேண்டிய புத்தகம் ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கும்போது அது நம் கண்ணில் பட வழி செய்வது கண்டடைதல். தேடலைக் கணினி ஓரளவு நன்றாகவே செய்யும். கண்டடைதலில்தான் அது தடுமாறுகிறது. அதிலும் நம்முடைய மாதிரிப் பல மொழி, பல பண்பாடு கலந்த ஊரின் புத்தகங்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இது புதிய யோசனையும் அல்ல. சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். முதலில் படிக்கும்போது ஒன்றையே திருப்பிப் போட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. இரண்டாவதில் வாசகர் கேட்டுக்கொண்டு வருகிறார். மூன்றாவதில் புத்தகம் வாய் பேசாமல் அலமாரியில் கிடக்கிறது, அதற்காக வேறு யாராவது பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றாவது விதியைப் பற்றித்தான்.

அட்டவணை எதைப் பார்க்கிறது

பையன் கண்ட ஏமாற்றத்தைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன.

முதலாவது இது. நூலகத்தின் இணைய அட்டவணை புத்தகத்துக்குள் போய்த் தேடுவதில்லை. புத்தகத்தைப் பற்றி யாரோ எழுதிவைத்த ஒரு சின்னப் பதிவைத்தான் தேடுகிறது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, மொழி, எதைப் பற்றிய புத்தகம் என்று சொல்லும் இரண்டு மூன்று பொருள் தலைப்புகள், அலமாரி எண், சில சமயம் நாலு வரிச் சுருக்கம். அவ்வளவுதான். அந்தக் காலத்து மர இழுப்பறைகளில் இருந்த அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே அட்டைதான் இப்போது திரைக்குள் போயிருக்கிறது. வள்ளியம்மை புத்தகத்துக்குள் இருக்கிறார், அட்டையில் இல்லை. எனவே அட்டவணையைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. கூகுள் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. 'முடிவு இல்லை' என்று வந்தால் 'புத்தகம் இல்லை' என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, அட்டையில் இருக்கும் சொற்கள் நம் சொற்கள் அல்ல. உலகத்தில் பல நூலகங்கள் பொருள் தலைப்புகளை அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பட்டியலிலிருந்து எடுக்கின்றன. அதில் இந்தியாவிலிருந்து வெளிநாடு போனவர்களுக்கு நெடுங்காலமாக இருந்த சொல் 'ஈஸ்ட் இண்டியன்ஸ்'. 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல் இன்றுவரை, நம் வீட்டில் யாராவது தன்னை 'ஈஸ்ட் இண்டியன்' என்று சொல்லிக்கொண்டதைக் கேட்டிருக்கிறீர்களா? 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களைப் பற்றிய நல்ல நல்ல புத்தகங்கள் அந்தத் தலைப்புக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. 'கூலி', 'கரும்புத் தோட்டம்', 'எங்க தாத்தா வந்த கப்பல்' என்று தேடுகிறவர்களுக்கு அவை கிடைக்காது.

மூன்றாவது எழுத்துக்கூட்டு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் புத்தகத்தை ஆங்கில எழுத்தில் தேடுகிற எல்லாரையும் கவிழ்ப்பது இதுதான்.

எழுத்துக்கூட்டு என்கிற பள்ளம்

திருக்குறள் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் டி. அதற்குப் பின் ஹெச் போடலாம், போடாமலும் விடலாம். நடுவில் கே ஒன்றா, இரண்டா? இதற்குள்ளேயே நாலு விதம் ஆகிவிட்டது. வள்ளியம்மைக்கு எல் எத்தனை, கடைசியில் 'ஐ' உண்டா இல்லையா? காந்தி நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவர் 'வள்ளியம்மா'தான், ஐகாரமே கிடையாது. பையன் ஐ போட்டு அடித்தான். ஒருவேளை பதிவில் பெயர் இருந்திருந்தாலும் அகப்பட்டிருக்காது.

இது நமக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க் குடும்பப் பெயர்களே இதற்குச் சாட்சி. காதில் விழுந்ததைக் குமாஸ்தா எழுதினார், எழுதியதே நிலைத்தது. முதலியார் மூட்லி ஆனார். கவுண்டர் கவெண்டர் ஆனார். படையாச்சி கடைசியில் இரண்டு 'ஈ' வாங்கிக்கொண்டு படையாச்சீ ஆனார். பிள்ளைக்கு வாலில் ஒரு 'ஒய்' முளைத்தது. சென்னையில் இருக்கிற பங்காளியும் டர்பனில் இருக்கிற பங்காளியும் ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். அட்டவணைக்கு அவர்கள் இரண்டு அந்நியர்கள்.

நூலகங்கள் இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டியிருக்கின்றன. தமிழை ரோமன் எழுத்தில் எழுத லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் அமெரிக்க நூலகச் சங்கமும் சேர்ந்து ஒரே ஒரு முறையை வைத்துள்ளன. தமிழ்ப் புத்தகங்கள் அதிகம் உள்ள பெரிய நூலகங்களின் பதிவுகள் பெரும்பாலும் அதன்படிதான் இருக்கும். அதன் சூட்சுமம், ஒலியைப் பார்க்காதே, எழுத்தைப் பார் என்பது. 'த' எங்கே வந்தாலும் வெறும் டி, ஹெச் கிடையாது. 'க' எங்கே வந்தாலும் கே, ஜி கிடையாது. எல்லாரையும் திகைக்கவைப்பது 'ச'. அது எப்போதும் சி, எஸ் கிடையாது. சிலப்பதிகாரத்தை எஸ் போட்டுத் தேடினால் ஒன்றிரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் வரலாம். சி போட்டுத் தேடினால்தான் தமிழ் மூலமும் உரைகளும் வரிசையாக வந்து நிற்கும். சங்கம், சோழர், செல்வன் எல்லாம் சி-தான். ழகரத்துக்கு எல் போட்டு அடியில் ஒரு கோடு. கோட்டையும் புள்ளியையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அநேகமாக எல்லா அட்டவணைகளும் தேடும்போது அவற்றைக் கழற்றிவிட்டே பார்க்கும். தமிழை எல்-லில் முடித்து அடித்தால் போதும், இசட் வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. பத்து வருடமாக ஹெச் போட்டே தேடிக்கொண்டிருந்தேன்.

தமிழ் எழுத்திலேயே தேடினால் என்ன? தேடலாம், ஆனால் பதிவில் தமிழ் எழுத்து இருக்க வேண்டும். பதிவுகளை எழுதும் மார்க் என்ற வடிவத்தில் 880 என்று ஒரு புலம் உண்டு, மூல எழுத்து வடிவம் அதில்தான் இருக்கும். அதை நிரப்புவதற்குத் தமிழ் தட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் புலமும் காலியாகவே கிடக்கும். அதனால் என் வழக்கம் இது: முதலில் தமிழில், பிறகு ஹெச் இல்லாமல், பிறகு ஹெச்சோடு. மூன்றிலும் கிடைக்காவிட்டால்தான் நூலகர் மேசைக்குப் போய்க் கேட்பேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மொழி வடிகட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பதிவிலும் மூன்றெழுத்தில் மொழிக்குறி இருக்கும். தமிழுக்கு டி-ஏ-எம், ஜூலுவுக்கு இசட்-யூ-எல், ஆஃப்ரிகான்ஸுக்கு ஏ-எஃப்-ஆர். இரண்டு மொழியில் அச்சான புத்தகத்துக்கு இரண்டு குறி போட இடம் உண்டு. அவசரத்தில் ஆங்கிலத்துக்கு மட்டும் போட்டுவிட்டால், தமிழ் என்று வடிகட்டும்போது அந்தப் புத்தகம் கீழே ஓடிவிடும். குழந்தைகளுக்கான இருமொழிப் படக்கதைகள் நிறைய இப்படித்தான் காணாமல் போகின்றன.

கண்ணாடியும் ஜன்னலும்

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990-ல் ஒரு கட்டுரையில் ஓர் உவமை சொன்னார். அது இப்போது குழந்தைகள் நூலகங்களில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. சில புத்தகங்கள் கண்ணாடி, அதில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம். சில புத்தகங்கள் ஜன்னல், அதன் வழியாக அடுத்த வீட்டைப் பார்க்கிறோம். சில ஜன்னல்கள் தள்ளித் திறக்கும் கதவாகவும் ஆகும், உள்ளே போய்விடலாம். அவர் சொன்னதில் பலர் மறந்துவிடும் பாதி ஒன்று உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகத்தையே பார்க்கிற குழந்தைக்கும் அது கெடுதல். உலகம் தன்னைச் சுற்றியே சுழல்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

பல்பண்பாட்டு நூல் என்றால் இவ்வளவுதான். யாரோ ஒருவருக்குக் கண்ணாடியாகவும் இன்னொருவருக்கு ஜன்னலாகவும் இருக்கிற புத்தகம். எங்கள் நூலகத்தில் பள்ளி விட்டதும் வந்து உட்காருகிற பிள்ளைகளில் மூட்லி, நாயுடு வீட்டுப் பிள்ளைகள் உண்டு, ஜூலு பேசுகிற பிள்ளைகளும் நிறைய. வள்ளியம்மை ஒருவனுக்குக் கண்ணாடி, பக்கத்து நாற்காலிக்காரிக்கு ஜன்னல்.

பழைய வரலாறு ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது. 1953-ல் வந்து 1990 வரை இருந்த தனி வசதிகள் சட்டத்தின்படி நூலகமும் தோல் நிறத்தைப் பார்த்துத்தான் திறந்தது. சாட்ஸ்வர்த்தும் உம்லாசியும் எட்டிப் பார்க்கும் தூரம். ஆனாலும் இந்தியர்களுக்கு என்று ஒன்று, கறுப்பர்களுக்கு என்று ஒன்று எனப் பிரித்துக் கட்டப்பட்ட ஊர்கள். சட்டம் போய்விட்டது, அலமாரிகள் அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. தமிழ் நூல்கள் ஒரு பக்கம், ஜூலு நூல்கள் இன்னொரு பக்கம். இணைய அட்டவணையின் உண்மையான உபகாரம் இதில்தான். ஒரே நகராட்சியின் கிளைகள் பொதுவாக ஒரே அட்டவணையில் இருக்கும். வேறு கிளையில் இருக்கிற புத்தகத்தை இங்கிருந்தே பதிவு செய்யலாம், அந்த ஊருக்குப் போக டாக்ஸி பிடிக்க வேண்டாம். முதல் பக்கத்தில் 'எல்லாக் கிளைகளும்' என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி. பலருக்கு அந்தப் பொத்தான் இருப்பதே தெரியாது.

அலமாரியைச் சொன்னதால் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தகங்களுக்கு அலமாரி எண் கொடுக்கும் டூயி பகுப்பு முறையில் இந்தி இலக்கியம் 891.43. தமிழ் இலக்கியம் 894.811. ஜூலு இலக்கியம் 896.3986. நடுவில் 895-ல் சீனம், ஜப்பான், கொரியா. தமிழும் ஜூலுவும் இந்தியைவிட ஒன்றுக்கொன்று கிட்ட நிற்கின்றன! மொழிக்குடும்பங்களை யாரோ ஓர் அமெரிக்கர் அடுக்கிய வரிசையால் வந்த தற்செயல்தான். ஆனாலும் தமிழ்ப் புத்தகம் தேடி வருகிறவரிடம், அப்படியே கை இரண்டு ஜாண் வலது பக்கம் போகட்டும் என்று சொல்ல எனக்கு அது போதும். நேரில் அலமாரி முன் நிற்கிறவருக்கு இந்த அக்கம்பக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. திரை முன் உட்கார்ந்தவருக்கு இல்லை. சில அட்டவணைகளில் 'அலமாரியை உலாவு' என்று ஒரு சுட்டி இருக்கும். இருந்தால் அழுத்திப் பாருங்கள், பக்கத்துப் புத்தகங்களின் அட்டைகள் வரிசையாக வரும்.

இயந்திரம் ஏன் போதாது

'இதைப் படித்தவர்கள் இதையும் படித்தார்கள்' என்று தளங்கள் தாமே சிபாரிசு செய்கின்றனவே, அது போதாதா என்று கேட்பீர்கள். ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தருகிற எங்கள் ஊர்ப் பன்னி சௌ கடையை நினைத்துப் பாருங்கள். எந்தக் கடை வாசலில் வரிசை நிற்கிறதோ அங்கேதான் புதிதாக வருகிறவரும் போய் நிற்பார். சிபாரிசு இயந்திரமும் அப்படியே, ஏற்கெனவே பலர் எடுத்ததை மேலும் பலருக்குக் காட்டும். இதுவரை ஒருவரும் எடுக்காத புத்தகத்தைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. டர்பனில் அச்சான தமிழர் குடும்ப வரலாறு ஒன்று இரண்டு பிரதி வாங்கப்பட்டு அலமாரியில் ஏறினால், அது எடுக்கப்படாததால் காட்டப்படாது, காட்டப்படாததால் எடுக்கப்படாது. போதாக்குறைக்கு, வாசகர் தளங்கள் பெரும்பாலும் பதிப்புக்குப் பதிப்பு தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணை வைத்தே புத்தகங்களை இனம் காண்கின்றன. சிறு பதிப்பகங்களின் பழைய தமிழ் நூல்களில் பலவற்றுக்கு அந்த எண்ணே கிடையாது.

இந்தச் சுழலை உடைக்க மனிதக் கை வேண்டும். ஒரு பட்டியல், ஒரு குறிப்பு, ஒரு சுட்டி.

பட்டியல் போட முதலில் உங்கள் நூலகத்தின் அட்டவணை இடம் தருகிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு 'கோஹா' என்ற இலவச மென்பொருளை உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்துகின்றன. நியூசிலாந்தின் ஒரு சிற்றூர் நூலகத்தில் 2000-ல் ஓடத் தொடங்கியது, மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அதில் வாசகரே பட்டியல் தொகுக்கலாம், புத்தகத்துக்கு ஒட்டுச்சொல் (டேக்) போடலாம், கருத்து எழுதலாம், 'இதை வாங்குங்கள்' என்று விண்ணப்பிக்கலாம். இந்த வசதிகளை நூலகம் திறந்து வைத்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. மூடி வைத்திருந்தால் கேட்டால் திறப்பார்கள், இதுவரை யாரும் கேட்காததுதான் பெரும்பாலும் காரணம்.

ஒட்டுச்சொல்லை அற்பமாக நினைக்காதீர்கள். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 'ஈஸ்ட் இண்டியன்ஸ்' என்று எழுதட்டும். அதன் பக்கத்திலேயே நீங்கள் 'கரும்பு', 'கங்காணி', 'கூலி', 'கப்பல்' என்று ஒட்டினால், அடுத்த ஆயாவின் பேரனுக்கு அது அகப்படும். அதிகாரபூர்வப் பதிவு ஒரு மொழி பேசட்டும், ஒட்டுச்சொல் நம் வீட்டு மொழி பேசட்டும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? 'மிகச் சிறந்த நூல், அனைவரும் படிக்க வேண்டும்' என்று எழுதினால் அது யாருக்கும் எதையும் சொல்லாது. அந்தக் காந்தி நூலுக்கு நான் எழுதியது இப்படி:

"வள்ளியம்மை (வள்ளியம்மா என்றும் எழுதுவார்கள்). ஜோஹானஸ்பர்க் பெண், 16 வயதில் சிறைக் காய்ச்சலில் இறந்தார். சிறை சென்ற பெண்களைப் பற்றிய அத்தியாயத்தில் பாருங்கள், மற்ற அத்தியாயங்கள் நீளம். பள்ளி வேலைக்கு அந்த அத்தியாயம் போதும். சின்னப் பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் கூட உட்காரவும். அலமாரி 968."

யார், எங்கே, புத்தகத்தில் எந்த இடம், யாருக்குப் பொருந்தும், எங்கே கிடைக்கும். பெயரின் வேறு எழுத்துக்கூட்டுகளை ஆங்கிலத்திலும் சேர்த்துவைத்தேன், தேடுபெட்டிக்கு அதுதான் இரை.

பட்டியல் போடுகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு. தீபாவளிக்குத் தீபாவளிப் புத்தகங்கள், காவடி மாதத்தில் முருகன் புத்தகங்கள், செப்டம்பர் 24 மரபு நாளுக்கு எல்லாப் பண்பாடும் கலந்த ஒரு தட்டு. விசேஷத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறக்கித் துலக்குகிற குத்துவிளக்கு மாதிரி. நம் பிள்ளைகள் விளக்கு ஏற்றாத நாளிலும் தமிழ்ப் பிள்ளைகள்தான். துப்பறியும் கதைப் பட்டியலில் ஒரு ஜூலு நாவல், சமையல் பட்டியலில் கஞ்சி ஊற்றும் கதை, கிரிக்கெட் பட்டியலில் ஓர் இந்தியர் வாழ்க்கை வரலாறு என்று சாதாரணப் பட்டியல்களுக்குள் இவற்றைக் கலந்துவிடுவதே மேல். தனியாகப் 'பல்பண்பாட்டு மூலை' என்று வைத்தால் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர் மட்டும்தான் அங்கே வருவார்.

சுட்டியில் நான் பட்ட அவமானத்தையும் சொல்கிறேன். அட்டவணையில் பட்டியலைத் திறந்து, மேலே இருந்த முகவரியை அப்படியே நகலெடுத்து என் தமிழ் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முப்பது வீட்டில் ஒருவருக்கும் திறக்கவில்லை. அந்த முகவரி என் கணினிக்கு மட்டும், அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகிற தற்காலிக முகவரி. பல அட்டவணைகளில் 'நிரந்தரச் சுட்டி' அல்லது 'பகிர்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். அனுப்பும் முன் வேறு ஒரு போனில் திறந்து பார்த்துவிடுங்கள். இப்போது நான் அட்டைப் படத்தையும் அலமாரி எண்ணையும் சேர்த்தே போடுகிறேன். டேட்டா தீர்ந்துபோன வீட்டுக்குச் சுட்டியால் பயன் இல்லை, படத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு நேரில் வரலாம். நூலகத்துக்கு வந்துவிட்டால் வைஃபை இருக்கிறது.

கையில் புத்தகமே இல்லாதபோது

உள்ளூர் அலமாரியில் இல்லாத மொழிக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் படமாகக் கிடைக்கும். ஈழத்து எழுத்துக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு தளம் உண்டு. இங்கே டர்பனில் 1903-ல் தொடங்கி ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நாலு மொழியில் வந்த 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் பழைய இதழ்களைக் காந்தி பாரம்பரிய இணையதளத்தில் புரட்டலாம். தாத்தாவின் தாத்தா காலத்துத் தமிழ் விளம்பரங்களைப் பார்க்கவாவது போங்கள்.

குழந்தைகளுக்கு என்றால் என் முதல் தேர்வு ஸ்டோரிவீவர். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கியது. ஒரே படக்கதை பல மொழிகளில் இருக்கும், தமிழும் உண்டு, ஜூலுவும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலேயே உருவான ஆஃப்ரிகன் ஸ்டோரிபுக், கேப் டவுனில் எழுத்தாளரும் ஓவியரும் வடிவமைப்பாளரும் ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முடித்துவிடும் புக் டேஷ், 'இதோ கதை' என்று கோசா மொழியில் பொருள்படும் பெயர் கொண்ட நலிபாலி, எல்லாமே இலவசம், பகிரவும் அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துப் பகிர்வது முக்கியம். வாட்ஸ்அப்பில் சுற்றும் புது நாவல்களின் பிடிஎஃப்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள்வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு.

ஒரு சனிக்கிழமை இரண்டு போனில் ஒரே படக்கதையைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், ஒன்றில் தமிழ், ஒன்றில் ஜூலு. தமிழ்ப் பிள்ளை 'மாமா' வந்தார் என்று படித்தாள். ஜூலுப் பிள்ளை நிமிர்ந்து, மாமா என்றால் எங்களுக்கு அம்மா என்றாள். பத்து நிமிடம் சிரிப்பு அடங்கவில்லை. அன்று அந்த இரண்டு போனையும் சுற்றி ஏழு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் அச்சுப் புத்தகமாக வேண்டும் என்று நாலு பேர் கேட்டார்கள்.

கேட்டதை வாங்கித் தர நூலகத்திடம் விண்ணப்பம் போடுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். இந்நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, பேணி மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எந்த வாசகருக்கும் அவர் மொழியில் நூல் தருவது நூலகத்தின் கடமை என்கிற பல்பண்பாட்டு நூலக அறிக்கையை உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006-ல் ஏற்றது, யுனெஸ்கோ 2009-ல் வழிமொழிந்தது. விண்ணப்பத்தில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் இருந்தால் அந்த எண், எங்கே கிடைக்கும் என்பது, இவ்வளவும் இருக்கட்டும். 'தமிழ்ப் புத்தகம் வாங்குங்கள்' என்ற ஒரு வரி விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, தமிழ் தெரியாத நூலகர் என்ன செய்வார் பாவம்.

ஆயாவும் பேரனும் அன்று புத்தகத்தோடுதான் போனார்கள். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தர வந்தபோது, என் குறிப்பைத் திரையில் காட்டி, இன்னும் ஏதாவது சேர்க்கட்டுமா என்று பையனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க ஆயா எப்படிச் சொல்லுவாங்களோ அப்படி" என்று சொல்லி, ஒரே ஓர் எல், ஒரே ஓர் எம், கடைசியில் ஏ போட்டு ஒரு புதிய எழுத்துக்கூட்டைத் தட்டினான். நான் போட்டுவைத்திருந்த ஆறில் அது இல்லை. ஏழாவதாகச் சேர்த்துவிட்டேன்.